கழுத்தில் தொங்கும் கத்தி நம் ஊருக்குச் சரிப்படுமா?

கேள்வி – 2022 ஜூலை 8

தோட்டத்தில் இறங்கினால் பாதி நேரம் கத்தியைத் தேடுவதிலேயே போகிறது. கட்டியிருப்பது லுங்கி, பாக்கெட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மடியில் சொருகினால் எங்கேயோ விழுந்துவிடுகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் 'நெக் நைஃப்' என்று கழுத்தில் தொங்கவிட்ட சின்னக் கத்தியைப் பார்த்தேன். இது நமக்கு ஆகுமா, சும்மா ஸ்டைலுக்கா? ஆகும் என்றால் எது வாங்குவது, எப்படித் தொங்கவிடுவது?

2022 ஜூலை 9, இரவு

ஆகும். லுங்கிக்காரனுக்குத்தான் ரொம்ப ஆகும். பேன்ட், பெல்ட் போட்டவனுக்கு இடுப்பிலேயே இடம் இருக்கிறது. அவன் கழுத்தில் மாட்டுவது பெரும்பாலும் ஆசைக்கு. வட அமெரிக்கப் பழங்குடிகளில் சிலர் கழுத்தில் உறையோடு கத்தி தொங்கவிட்டார்கள். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கை ஒரே இடத்துக்குப் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

எனக்கு ஆயக்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொய்யா. நாலு மாதமாக ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வது இது.

முதலில் எடை. கத்தியும் உறையும் சேர்த்து 80, மிஞ்சினால் 100 கிராம். அதற்கு மேல் போனால் குனியும்போதெல்லாம் முன்னால் ஆடி, நிமிரும்போது நெஞ்சில் வந்து இடிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிகிறோம் என்பது கழுத்தில் ஒன்றை மாட்டிய பிறகுதான் தெரியும்.

அலகு 5 முதல் 7 செ.மீ. போதும். என்னிடம் இருப்பது சுவீடனின் மோரா எல்ட்ரிஸ். அலகு 59 மில்லிமீட்டர், கனம் 2 மில்லிமீட்டர், துருப்பிடிக்காத இரும்பு. அமெரிக்கக்காரர்கள் கொண்டாடும் இசுலாவையும் ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். பெரு நாட்டுக் காட்டில் கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் ஓர் எறும்பின் பெயர் அது. நல்ல கத்திதான், ஆனால் முதுகு 4 மில்லிமீட்டர் கனம். கட்டை பிளக்க அது சரி. கொய்யாப் பட்டையில் வைத்தால் வெட்டாது, பிளந்துகொண்டு போகும். சி.ஆர்.கே.டி. மினிமலிஸ்ட் என்று இன்னொன்று இருக்கிறது. விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடி. விரலும் பள்ளமும் பொருந்துகிறவருக்கு அமிர்தம். எனக்குப் பொருந்தவில்லை.

கயிறு எதுவானாலும் சரி. நான் போட்டிருப்பது பாராகார்டு என்கிற பாராசூட் கயிறு. 550 பவுண்டு தாங்கும், அறுந்து தொலையாது.

2022 ஜூலை 10

சட்டம் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்த கருவிகளுக்கு விலக்கு. டெல்லியில் 1980-இல் வந்த அறிவிப்பு வேறு கதை: பட்டனைத் தட்டினால் திறக்கும் கத்தி 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே பிரச்சினை. பிரிட்டனில் இருக்கிறவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். அங்கே 3 அங்குலத்துக்குள் இருக்கிற, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்குத்தான் காரணம் சொல்லத் தேவையில்லை. மற்றபடி மெட்ரோ, விமானத்தின் கைப்பை, இங்கெல்லாம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

என் வழக்கம்: தோட்டத்து வேலியைத் தாண்டும்போது கழற்றி வண்டிப் பெட்டியில் போட்டுவிடுவது. விவசாயக் கருவிதான், நியாயம்தான். ஆனால் சட்டைக்குள் ஒளிந்திருக்கிற கத்தியை எடுத்துக்காட்டி அந்த நியாயத்தைப் பேருந்து நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

2022 ஜூலை 17

'அப்படி என்னதான் வெட்டுகிறீர்கள்' என்று கேட்டவருக்கு. இந்த வாரம் விண்பதியம், அதாவது மரத்தில் இருக்கிற கொம்பிலேயே வேர் விட வைப்பது.

விரல் கனத்துக் கொம்பாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே கத்தியை வைத்து ஒரு சுற்று. 2.5 செ.மீ. தள்ளி இன்னொரு சுற்று. இரண்டையும் சேர்த்து நெடுக்காக ஒரு கீறல். கீறலில் முனையை நுழைத்து நெம்பினால் பட்டை மோதிரம் மாதிரிக் கழன்று வரும். அத்தோடு விட்டால் பாழ். கீழே வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, கட்டை காய்ந்த மாதிரி தெரியும் வரை எடுக்க வேண்டும். படலம் மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிக்கொள்ளும், வேர் விடாது. அப்புறம் நனைத்துப் பிழிந்த பாசியை வைத்து, பாலிதீனைச் சுற்றி, இரண்டு முனையும் கட்டு. ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கவருக்குள் வெள்ளை வேர் தெரியும்.

ஒரு கை கொம்பைப் பிடித்திருக்கும். வாயில் நூல். கத்தி கழுத்தில் இருந்தால்தான் இந்த வேலை ஓடும். பிடி கீழ்ப்பக்கம் பார்த்துத் தொங்க வேண்டும். கட்டைவிரலால் உறையின் வாயை ஒரு தள்ளு, 'டக்' என்று கைக்கு வரும். பார்க்காமலே திரும்பச் சொருகலாம் என்று ஆரம்பத்தில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. ஒருமுறை சொருகியது பனியனில். அதிலிருந்து சொருகும்போது குனிந்து பார்க்கிறேன். எடுப்பதற்குக் கண் வேண்டாம், வைப்பதற்குக் கண் வேண்டும். என் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், அந்தக் கண்ணாடியைத் தேடுவது தனி வேலை.

2022 ஆகஸ்ட் 2

மேலே ஜூலை 9-இல் கயிறு பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். அறுந்து தொலையாது என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். நேற்று அது அறுந்து தொலையாததால்தான் நான் தொலைந்திருப்பேன்.

ஏணியில் நாலாவது படி. கவாத்து செய்யாமல் விட்ட மரம், உள்ளே கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. தலையை உள்ளே விட்டு ஒரு கொம்பை அறுத்துவிட்டு இறங்கினேன். கயிறு வெட்டிய கட்டை ஒன்றில் மாட்டியிருந்தது தெரியவில்லை. ஒரு படி இறங்கியதும் கழுத்து மேலே நின்றுவிட்டது, கால் கீழே போய்விட்டது. விரலைக் கயிற்றுக்குள் விடவும் இடமில்லை. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கலாம் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கையில் தோன்றுகிறது. அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. காலைத் துழாவி மறுபடி படியில் வைத்து ஏறித்தான் கழற்றினேன்.

550 பவுண்டு என்றால் 250 கிலோ. நான் 71 கிலோ.

கழுத்தைச் சுற்றி இன்னும் சிவந்த கோடு இருக்கிறது. வீட்டில் கேட்டதற்கு வியர்க்குரு என்று சொல்லியிருக்கிறேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

2022 ஆகஸ்ட் 3

பதில்களில் நாலு பேர் பால் செயின் போடச் சொல்லியிருக்கிறீர்கள். ராணுவத்தார் அடையாளத் தகடு மாட்டுகிற, மணி மணியான சங்கிலி. இழுத்தால் கொக்கி விட்டுவிடும். போட்டுப் பார்த்தேன். விடுகிறது, உண்மை. ஆனால் பனியன் போடாத கழுத்தில் வியர்வையோடு சேர்ந்து அறுக்கிறது, பிடரி முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது.

விடை வீட்டிலேயே இருந்தது. பையனின் கல்லூரி அடையாள அட்டை நாடா. பிடரிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது பாருங்கள், வெடுக்கென்று இழுத்தால் இரண்டாகப் பிரிகிறதே, அது இதற்காகவே செய்தது. எல்லா நாடாவிலும் இருக்காது, பார்த்து எடுங்கள். கத்தியை மாட்டி, நாடாவைக் கொம்பில் போட்டு இழுத்துப் பார்த்தேன். லேசான வெட்டுக்கே பிரிந்தது. கத்தி கீழே விழுந்தது. விழட்டும்.

அப்படி விழும்போது உறையோடு விழ வேண்டும், அதுதான் முக்கியம். உறையைத் தலைகீழாகப் பிடித்து மூன்று தடவை உலுக்குங்கள். நழுவினால் அது கழுத்துக்கு லாயக்கில்லை.

2022 ஆகஸ்ட் 21

'2,000, 3,000 கொடுத்து சுவீடன் கத்தி எதற்கு, திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கிற நாட்டில்?' என்று ஒருவர் குத்தியிருந்தார். சரி என்று பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போனேன்.

ஆசாரிக்கு எழுபது வயதிருக்கும். லாரியின் ஸ்பிரிங் பிளேட்டில் அரிவாள் அடிப்பவர். விரல் நீளத்துக்கு ஒரு கத்தி என்றதும் 'பொம்மைக்கா தம்பி?' என்றார். அடித்துக் கொடுத்தார். அலகு அருமை, தோய்ச்சல் பிரமாதம், கொய்யாக் கட்டையைச் செதுக்கினாலும் வாய் மடங்கவில்லை. ஆனால் அவர் கைக்கு 5 மில்லிமீட்டருக்குக் கீழே இரும்பு தெரியவில்லை. கத்தி மட்டும் 140 கிராம். கழுத்தில் மாட்டி வரப்பில் நடந்தால் கோயில் மாட்டு மணி மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. இப்போது அது மாட்டுக் கொட்டகையில் சணல் சாக்குப் பிரிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, எனக்கும் அதற்கும்.

அடுத்து லேத் பட்டறையில், இரும்பு அறுக்கும் பவர் ஆக்சா மெஷினின் ஒடிந்துபோன பிளேடு ஒரு துண்டு வாங்கிப் போனேன். 2 மில்லிமீட்டர் கனம், நான் கேட்ட கனம். ஆசாரி அதைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'இதைக் காய்ச்சி அடிச்சா உடைஞ்சு போயிரும் தம்பி. சாணையிலேயே தேச்சுக்க.' அவர் சொன்னது சரி. ஹை ஸ்பீடு ஸ்டீல் அது, நம் துருத்தி உலைக்கு அடங்காது. ஆனால் சாணையில் தேய்க்கும்போது கொஞ்சம் சூடேறினாலும் பதம் போகாது என்பது அதன் பெரிய சௌகரியம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கிரைண்டர் கல். ஓட்டை போடப் போய் மூன்று டிரில் பிட் போனது, ஓட்டை விழவில்லை. கடைசியில் ஓட்டையே இல்லாமல் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் பழைய கிரிக்கெட் பேட் கிரிப்பை வெட்டி ஏற்றினேன். ஈரக் கையிலும் வழுக்காது. கத்தி 45 கிராம், பிடியோடு 60.

முனையைக் கூராக்கவில்லை. வாய் நேர்கோடு, முதுகுதான் வளைந்து கீழே இறங்கும். நெஞ்சுக்கு நேரே தொங்குகிற சாமானுக்கு ஊசி முனை எதற்கு? பட்டை நெம்ப அந்த மூலையே போதும்.

2022 ஆகஸ்ட் 22

நேற்று எழுத மறந்தது. ஹை ஸ்பீடு ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். இதில் 4 சதவீதம்தான். நெஞ்சு வியர்வை ஒரே வாரத்தில் புள்ளி வைத்துவிட்டது. ஆசாரி அடித்த கத்திக்கு மட்டும் கெட்டியாகப் புளி கரைத்துப் பூசி ஒரு மணி நேரம் வைத்தேன். பாட்டியின் அரிவாள்மணை மாதிரி கறுத்துவிட்டது, அதன் பிறகு சிவப்புத் துரு அவ்வளவாக ஏறவில்லை. வாழைத்தார் வெட்டினால் அந்தக் கறையே இந்த வேலையைச் செய்யும். ஆக்சா கத்திக்கு ராத்திரியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

தோல் உறை கேட்டவருக்கு: வேண்டாம். வியர்வையைக் குடித்துவைத்து இரவெல்லாம் அலகுக்கு ஊட்டும்.

2022 செப்டம்பர் 11

உறை. இதற்கென்றே கைடெக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் தகடு விற்கிறார்கள். சூடாக்கினால் துணி மாதிரி வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். நமக்கு எதற்கு? தோட்டம் முழுக்கப் பி.வி.சி. பைப் கிடக்கிறது.

முதல் முயற்சியைக் கேஸ் அடுப்பில் செய்தேன். செய்யாதீர்கள். தீ நேராகப் பட்ட இடம் கறுத்துப் புகைந்தது, தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர். பி.வி.சி. கருகினால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. கரண்டியும் கையுமாக நின்ற வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிறகுதான் புரிந்தது, தீயே தேவையில்லை. சாதாரண பி.வி.சி. 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். கொதிக்கிற தண்ணீர் போதும். ஒரு அங்குலப் பைப்பில் 12 செ.மீ. துண்டு, நெடுக ஒரு வெட்டு, வேண்டாத பாத்திரத்தில் கொதிக்கவிட்டு இடுக்கியால் எடுத்துப் பலகையில் தட்டினால் 10 செ.மீ. அகலத் தகடு. மறுபடி கொதியில் போட்டு, எடுத்து, கத்தியின் மேல் இரண்டாக மடித்து அழுத்த வேண்டும். கத்தி மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உறை ரொம்ப இறுக்கமாகிவிடும். அழுத்துவதற்கு மேலும் கீழும் மெத்தென்று ஏதாவது வேண்டும். ரப்பர் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தது ஒரு ஜோடி பழைய ஹவாய் செருப்பால். செருப்பு, தகடு, செருப்பு, மேலே ஒரு பலகை, பலகை மேல் நான். ஐந்து நிமிடம்.

எடுத்துப் பார்த்தால் கத்தியின் உருவம் அச்சாக விழுந்திருந்தது. கூடவே செருப்பின் கோடுகளும். டிசைன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஓரத்தில் ஓட்டை போட்டுச் செருப்புத் தைக்கிறவரிடம் ஐலெட் வளையம் அடித்து வாங்கினேன். அடிமுனையில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை. வடியும் அளவுக்குத்தான், முனை எட்டிப் பார்க்கும் அளவுக்கு அல்ல.

2022 செப்டம்பர் 12

'டக்' சத்தம் வரவில்லையா? பிடி ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு தடவை கொதிநீரில் முக்கிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். துணி சுற்றிய கட்டைவிரலால்.

2022 அக்டோபர் 5, ஆயுத பூஜை மறுநாள்

நேற்று மூன்று கத்திக்கும் பொட்டு. படத்தைப் பார்த்துவிட்டு 'தமிழனுக்கும் கழுத்தில் ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம்' என்று ஒருவர். ஐம்படைத்தாலி என்ன? திருமாலின் சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் ஐந்தையும் குட்டியாகச் செய்து குழந்தையின் கழுத்தில் கட்டியது. வாள் இருக்கிறது, கழுத்து இருக்கிறது. பட்டை உரிக்காது, அவ்வளவுதான் குறை.

சீக்கியர்களிலும் சிலர் கிர்பானைக் குட்டியாகக் கழுத்தில் மாட்டுகிறார்கள். அவர்களுக்கு அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவே துணை இருக்கிறது. எனக்கு இருப்பது கொய்யா மட்டும்.

2023 பிப்ரவரி 14

வேலியைத் தாண்டும்போது கழற்றுகிறேன் என்று யாரோ எழுதியிருந்தார். அந்த யாரோ நேற்று நில வழக்குக்காக நீதிமன்றத்துக்குப் போனார். வாசலில் கருவி கத்தியது. பெல்ட்டைக் கழற்றினேன், சாவியை வைத்தேன், திரும்பவும் கத்தியது. காவலர் என் சட்டைக் காலரில் தெரிந்த நாடாவைப் பார்த்து, 'என்ன சார், தாயத்தா?' என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன். செருப்புக் கோடு போட்ட வெள்ளைப் பைப்புக்குள்ளிருந்து முனையில்லாத ஆக்சா துண்டு வந்ததும் அவர் முகத்தில் கோபம் வரவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற இரக்கம்தான் வந்தது. நகம் எல்லாம் கொய்யாக் கறை, அதுவும் கை கொடுத்திருக்கும். வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். டீக்கடையில் கொடுத்துவிட்டு ஓடினேன். வாய்தா போட்டுவிட்டார்கள்.

2023 ஜூன் 4

தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் ஆறே வார்த்தையில் எழுதியிருக்கிறார்: 'பனையேறி ஏன் கழுத்தில் மாட்டுவதில்லை என்று யோசித்தீர்களா?'

யோசிக்கவில்லை. இரண்டு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். பாளை அரிவாளை வைத்திருக்கிற பெட்டி அவர்களுக்கு இடுப்பில், பின்பக்கம். மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுகிறவன் நெஞ்சில் எதையும் வைக்க மாட்டான். அவர்களுக்கும் பாக்கெட் கிடையாது, பெல்ட் கிடையாது. என்னை மாதிரி லுங்கிக் கதை பேசாமல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்கள்.

நான் மரம் ஏறுவதில்லை. ஆனால் ஏணியில் நெஞ்சைச் சாய்க்கிறேன், மருந்துத் தெளிப்பானின் வார் நெஞ்சுக்குக் குறுக்கே வருகிறது, மூட்டை தூக்கினால் உறை விலா எலும்பில் அழுத்துகிறது. ஒரு வருடமாகக் கத்தியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு வேலை செய்து, வேண்டும்போது முன்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் முதல் பதிவு பொய்யாகிவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும்.

2023 ஜூன் 18

அரைஞாண் கயிற்றில் மாட்டிப் பார்த்தேன். உறை கிடையாக, முதுகுக்கும் விலாவுக்கும் நடுவில், பிடி வலது கைப்பக்கம். ஆடவில்லை, இடிக்கவில்லை, ஏணியில் குறுக்கே வரவில்லை. தாத்தா அதே கயிற்றில் பெட்டிச் சாவியும் முள்வாங்கியும் மாட்டியிருந்தார். நான் சுவீடன் சுற்றி வந்திருக்கிறேன்.

உட்கார்ந்து பதியன் போடும் நாட்களில் மட்டும் இன்னும் கழுத்துதான். அதில் மாற்றமில்லை.

2024 ஜூலை 20

முதலில் கேள்வி கேட்டவர் இரண்டு வருடம் கழித்து வந்து, 'கடைசியில் எதைத்தான் வாங்குவது?' என்கிறார். நியாயம்.

வாங்க வேண்டியது கிளிப் உள்ள அடையாள அட்டை நாடா ஒன்று, ஒரு அங்குலப் பைப் அரை அடி. கத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கும். 2 மில்லிமீட்டருக்கு மேல் கனம் இல்லாமல் ஒன்றைப் பார்த்து எடுங்கள். நான் கத்திக்குச் செலவழித்த நேரத்தில் பாதியைக் கயிற்றுக்கும் உறைக்கும் செலவழித்திருந்தால் ஏணிச் சம்பவம் நடந்திருக்காது.

மோரா பையனிடம் போய்விட்டது. ஹாஸ்டலில் மாம்பழம் வெட்டுகிறானாம், கழுத்தில் மாட்டுவதில்லை. ஆக்சா கத்தி இடுப்பில். நாடா மட்டும் என் கழுத்தை விடவில்லை, இன்று காலைகூட விண்பதியத்துக்கு அதோடுதான் போனேன். அதில் இப்போது தொங்குவது மூக்குக்கண்ணாடி.